நான் அடிக்காத டொக்

தமிழ்நாட்டில் தனி ஆளாகப் பதினாலு வாத்தியம் வாசித்துப் பாட்டுப் போடுகிறவன் நான் ஒருத்தன்தான்.

இது பொய். பதினாலு வாத்தியம் என்னிடம் இருக்கிறது என்கிற வரைக்கும் உண்மை. அதில் ஏழு வாசிப்பேன். அந்த ஏழில் இரண்டை எடுத்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். மாண்டலினுக்குக் கம்பியே இல்லை. தனி ஆள் என்பதும் ஒரு கொள்கை கிடையாது. கூட வாசிக்க வந்த மூன்று பேரும் மூன்றாவது வாரம் போனை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

என் பொய்யைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இப்போது திண்டிவனத்தில், ஒரு வேப்பமரத்தடியில், பம்பை, உடுக்கை, ஆர்மோனியம், கிட்டார் எல்லாவற்றையும் தெருவில் பரப்பிவைத்துக்கொண்டு காயலான் கடைக்காரன் மாதிரி நான் உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம். எதிரில் என் அக்கா வீடு. கீழே பழைய வீடு, மேலே புதிதாகக் கட்டிய மாடி. மாமாவும், அதாவது அக்கா வீட்டுக்காரரும், மேஸ்திரியும் சவுக்குக் கட்டை கொண்டுவரப் போயிருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை யாரையும் மேலே விடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காதில் ஹெட்போன். அதன் வயர் தெருவைக் கடந்து ஜன்னல் வழியாகக் கீழ் அறைக்குள் போகிறது. அறைச் சுவரில் மைக்கை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். வீடு என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டொக்.

இதோ, இப்போது ஒன்று.

நான் இருப்பது விழுப்புரத்தில். மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. எங்கள் வீடு ஜங்ஷனுக்குப் பின்பக்கம். அங்கே பாட்டு ரெக்கார்டு செய்தால் ரயில் வருகிற அறிவிப்பும் சேர்ந்தே வரும். முதல் பாட்டில் சோகமான இடம் ஒன்றில் ஒரு பெண் குரல் மூன்றாவது நடைமேடைக்கு எல்லாரையும் கூப்பிட்டது. கேட்டவர்களுக்கு அந்த இடம்தான் பிடித்திருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறித் திண்டிவனம் வந்து, அக்கா வீட்டுக் கீழ் அறையில் வாசிப்பதாக ஏற்பாடு. மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலைதான், அடுக்கி வைத்திருந்த அறை. நான் முட்டை அட்டைகளை வாங்கி வந்து நாலு சுவரிலும் பசை போட்டு ஒட்டினேன். ஒரு இஞ்ச் சுவர் வெளியே தெரியாது. அன்றைக்கு என்னைப் போல் புத்திசாலி உண்டா என்று இருந்தது. இன்றைக்கு அந்தக் கையை வெட்டலாம் போல இருக்கிறது.

என் தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். நான் எட்டாவதில் கணக்கில் பெயிலாகி நின்றவன். தாளம் எண்ணத் தெரியாது. ஆனால் என் பாட்டுகள் எல்லாம் கோணல் தாளம். நேராக நாலு நாலாகப் போகிற பாட்டில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் ஊர் பெயரில் எண்ணுவேன். ஏழு வேண்டுமென்றால் 'திண்டிவனம் மயிலம்'. நாலும் மூன்றும். ஒன்பது வேண்டுமென்றால் 'கூட்டேரிப்பட்டு திண்டிவனம்'. பஸ் ரூட் முழுக்க எனக்குத் தாளம்தான். கண்டக்டர் மட்டும் டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால் நான் தனி ஆளாக இருந்திருக்க மாட்டேன்.

வாசிக்கும் முறையும் அப்படித்தான். என்னிடம் இருப்பது ஒரு மைக், ஒரு பழைய லேப்டாப், நடுவில் ஒரு சின்னப் பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டார் மட்டும் முழுப் பாட்டுக்கும் வாசிப்பேன். சில வாரம் கழித்து அதைக் காதில் கேட்டுக்கொண்டே பேஸ் கிட்டார் வாசிப்பேன். அப்புறம் ஆர்மோனியம். அப்புறம் பம்பை. தெருக்கூத்தில் வாசிக்கிற முகவீணையைக்கூட ஊதிப் பார்த்தேன். பூனையின் வாலை மிதித்தது போல வந்தது. அதையும் வைத்துக்கொண்டேன். இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு அடுக்கு. ஏழுமே நான்தான். ஏழு பேர் சேர்ந்து தப்பு செய்தது போல் இருக்கும்.

பாட்டு பதினோரு நிமிஷம். விழுப்புரத்தில் கிளம்பி எந்த ஊரிலும் நிற்காமல், திண்டிவனத்துக்கும் போய்ச் சேராமல் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு பஸ்ஸைப் பற்றி. தை மாதம் கிட்டாரில் ஆரம்பித்தேன். ஆனி முடிய மோர்சிங்கில் முடித்தேன்.

நடுவில், ஆர்மோனியம் வாசித்த அன்றைக்கு, திரும்பப் போட்டுக் கேட்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடி ஆழத்தில் இருந்து வருகிற சத்தம். பெரிய கதவை யாரோ முட்டியால் ஒரே ஒரு தடவை தட்டியது போல. எனக்குத் தாளம் போடும்போது கால் ஆடும். கால் போய் ஸ்டூலில் இடித்திருக்கும் என்று நினைத்தேன். ஸ்டூலுக்கு அடியில் சாக்கு போட்டேன். அடுத்த வாரமும் வந்தது. சனியன் பிடித்த கால் என்று திட்டிக்கொண்டேன்.

ஆனால் சத்தம் நன்றாக இருந்தது. அதுதான் வினை. எந்த டிரம்மிலும் வராத கனம். அதில் நல்லதாக ஒரு டொக்கை வெட்டி எடுத்து, பாட்டு முழுக்க 'மயிலம்' என்று எண்ணுகிற இடத்தில் கடைசி எழுத்தில் ஒட்டினேன். பஸ் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் எதையோ ஏறி இறங்குவது போல ஆகிவிட்டது. ஆடியில் பாட்டை வெளியே விட்டேன். கேட்ட கொஞ்சம் பேரும் அந்தச் சத்தத்தைப் பற்றியே கேட்டார்கள். அது என்ன வாத்தியம், எப்படி அடித்தீர்கள் என்று.

என் கால் ஸ்டூலில் இடித்தது என்று சொல்ல முடியுமா? கலைஞன் ஆயிற்றே. இரும்பு டிரம் ஒன்றில் பாதி வரைக்கும் மல்லாட்டைத் தோல் கொட்டி, முழங்கையால் அடித்தேன் என்று எழுதினேன். நம்ப மாட்டார்களோ என்று வீடியோவே எடுத்துப் போட்டேன். அக்கா வீட்டு டிரம், அக்கா வீட்டுத் தோல். அதை எடுத்தது அக்கா பெண். பிளஸ் டூ படிக்கிறாள். எடுக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு.

"மாமா, நீ அடிக்கறதுக்கு மின்னாடியே சத்தம் வருது. கொஞ்சம் ஜல்தியா அடி."

அவள் அப்பா, என் மாமா, அந்த வீடியோவைத் தன்னோடு துபாயில் லாரி ஓட்டியவர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். மச்சான் முழங்கையால் வாசிக்கிறான் என்று. அதற்குப் பிறகு அவர் என்னை முழங்கை என்றே கூப்பிட்டார்.

டொக்.

ஆவணியில் ஒரு கல்லூரியில் வாசிக்கக் கேட்டார்கள். பதினோரு நிமிஷம் வேண்டாம், நாலு நிமிஷமாகக் குறைக்கச் சொன்னார்கள். குறைப்பதற்காக அடுக்குகளைத் தனித்தனியாகப் போட்டு, மற்றதை ஊமையாக்கிக் கேட்டேன். அதுவரை அப்படிக் கேட்டதே இல்லை. என் வாசிப்பைத் தனியாகக் கேட்கிற தைரியம் எனக்குக் கிடையாது.

மோர்சிங் அடுக்கு முதலில். அது பதிவான நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கடையில் காயில் கட்ட வந்த மோட்டாரைத் தூக்கி இடுப்பு பிடித்திருந்தது. பாயில் மல்லாந்து படுத்து, மைக்கை வாய்க்கு மேல் தொங்கவிட்டு வாசித்தேன். ஸ்டூல் இல்லை. கால் நீட்டியபடி இருந்தது. ஆனாலும் டொக் இருந்தது. பதினோரு நிமிஷத்தில் இருபத்தொரு தடவை.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பின்னால் போனேன். பம்பையில் ஒன்பது. ஆர்மோனியத்தில் நாலு. மாசியில் வாசித்த பேஸில் ஒன்றே ஒன்று, அதுவும் மெலிசாக. தையில் வாசித்த கிட்டாரில் ஒன்றுமே இல்லை. நான் கணக்கில் நின்றவன்தான். ஆனால் இந்தக் கணக்குக்கு வாத்தியார் தேவைப்படவில்லை.

தைக்கும் மாசிக்கும் நடுவில் அந்த வீட்டில் நடந்தது ஒன்றுதான். மாமா மாடிக்கு மேலே இரண்டாவது தண்ணீர் டேங்க் வைத்தார். ஒன்று காலியானாலும் இன்னொன்று இருக்கும் என்று. கிரேன் வைத்துத் தூக்கி, என் அறைக்கு நேர் மேலே, தெற்கு மூலையில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு நான்தான் கீழே நின்று, இன்னும் கொஞ்சம் ஓரமா, இன்னும் கொஞ்சம் ஓரமா என்று கை காட்டினேன்.

தெற்கு மூலையில் முட்டை அட்டைகளைப் பிய்த்தேன். சுவரில் விரிசல். கூரையில் ஆரம்பித்து என் இடுப்பு உயரம் வரை இறங்கியிருந்தது. மழைத் தண்ணீர் கண்ணாடியில் ஓடுகிற மாதிரி, படி படியாக. கையில் வேறு எதுவும் இல்லை. கிட்டார் வாசிக்கிற பிக் இருந்தது, நகம் அளவு பிளாஸ்டிக் துண்டு. அதைச் சொருகினேன். இறுக்கமாக நின்றது. சரி, ஒரு பிக் அகலம் என்று வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே மாடிக்குப் போய்ச் சொன்னேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாடி அவர் துபாயில் ஓட்டிய பதினோரு வருஷம். அந்த வீட்டில் அதைப் பற்றி எவரும் குறை சொல்வதில்லை.

"மாமா, வூடு சத்தம் போடுது."

"நீ வாசிச்சா போடாம இன்னா பண்ணும்?"

"இல்ல மாமா, நெசமா. கேட்டுப் பாரு." ஹெட்போனை அவர் காதில் வைத்தேன்.

கேட்டார். சோற்றை மென்றுகொண்டே கேட்டார். அப்புறம் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "இது அந்த டிரம்மு சத்தம்டி. முழங்கைல அடிச்சானே."

"நான் அடிக்கல மாமா. அது பொய்யி. வீடியோவுக்காக அப்படி சொன்னேன்."

அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமலே கேட்டாள். "எதுடா பொய்யி? அன்னைக்கி சொன்னியே, அதா? இன்னைக்கி சொல்றியே, இதா?"

ஏழு அடுக்கும் வைத்திருந்தேன். சத்தத்தை எண்ணி வைத்திருந்தேன். ஆனால் என்னுடைய மூஞ்சி நான் என்ன சொன்னாலும் ஜோக் சொல்கிற மூஞ்சி. சின்ன வயதில் இருந்து அதை வைத்துத்தான் அடி வாங்காமல் தப்பித்திருக்கிறேன். முதல் தடவையாக அது எனக்கு எதிராக நின்றது.

"கீழ வந்து வெரிசலப் பாரு மாமா."

"பூச்சு வெடிச்சிருக்கும். எந்த வூட்ல வெடிக்கல? நீ அட்டையப் பிச்ச பசையில பேந்திருக்கும். மொதல்ல என் செவுத்த நாஸ்தி பண்ணதுக்கு பதில் சொல்லு."

அக்கா பெண் மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவப் போகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, என் டேபிள்ல பேனா வெச்சா உருளுது."

"எந்தப் பக்கம்?"

தெற்குப் பக்கம் தலையை ஆட்டினாள். "புக்கு வெச்சி தடுத்துகினு எழுதறேன்."

புரட்டாசி முழுக்க ஞாயிறு தவறாமல் வந்தேன். வாசிக்க இல்லை. முதல் வாரம் பிக் தானாகவே கழன்று தரையில் கிடந்தது. யாரும் அந்த அறைக்குள் வரவில்லை, சாவி என்னிடம். இரண்டு பிக்கை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சொருகினேன். அடுத்த வாரம் இரண்டும் கீழே. மூன்று சொருகினேன். காயில் கடையில் முதலாளி, முகம் ஏன் செத்த மாதிரி இருக்கிறது என்றார். கிட்டார் வாசிக்க பிக் இல்லை முதலாளி என்றேன். அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் என்ன சொன்னாலும் சிரிப்பது என்று இரண்டு ஊரும் முடிவெடுத்திருந்தன.

போன வாரம் மழை பிடித்தது. வெள்ளிக்கிழமை அந்த டிரம் வீடியோவை அழித்துவிட்டு, வேறு ஒன்று போட்டேன். சுவரைக் காட்டி, விரிசலைக் காட்டி, ஏழு அடுக்கையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, நான் பொய் சொன்னேன், இதை வாசித்தது என் அக்கா வீடு என்று சொன்னேன். சிரிக்காமல் பேச வேண்டும் என்று ஆறு தடவை எடுத்தேன். வீடியோவுக்குக் கீழே ஒருத்தர், என்ன ஒரு கற்பனை என்று எழுதியிருந்தார். இன்னொருத்தர், வீட்டை மேடைக்குக் கொண்டுவருவீர்களா என்று கேட்டிருந்தார். ஆனால் துபாயில் மாமாவோடு இருந்த ஒருவர், கட்டட வேலை பார்த்தவர், மாமாவுக்கு நேரே போன் போட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம். மாடி கட்டும்போது தூண் போட்டாயா என்று.

மாமா இன்று காலை மேஸ்திரியைக் கூட்டி வந்தார். மாடி கட்டின அதே மேஸ்திரி. தூண் இல்லாமல் பழைய சுவர் மேல் ஏற்றாதீங்க என்று அன்றைக்கே சொன்னவர். நான் அவரிடம் ஹெட்போனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு நின்றார். அப்புறம் மேலே போனார். மாடிக் கதவைத் திறந்தார், மூடினார். கதவின் இழைத்த மேல் விளிம்பை விரலால் தடவினார்.

"இத்த யாரு எழைச்சது?"

அக்கா சொன்னாள். "ஆசாரி வந்து எழைச்சாரு. மழைல ஊறிச்சி, சாத்த வரல."

"எத்தினி வாட்டி?"

"ஆனில ஒரு வாட்டி. புரட்டாசில ஒரு வாட்டி."

மேஸ்திரி வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஆனில ஏதும்மா மழ?" என்றார், அதட்டாமல், பிள்ளைகளிடம் கேட்பது போல. "கதவு ஊறல. நெலை கதவு மேல இறங்குது. கதவுதான் மொதல்ல சொல்லும். அது சொல்லிக்கினே இருந்திருக்குது. நீங்க அத்த எழைச்சிக்கினே இருந்திருக்கீங்க."

மாமா முழங்கை என்று என்னைக் கூப்பிடவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. டேங்க் குழாயைத் திறந்துவிட்டார். இரண்டு டேங்க் தண்ணீரும் தெருவில் ஓடியது. வேப்பமரத்தடி இன்னும் ஈரம். மேஸ்திரி, முட்டுக் கொடுக்காமல் யாரும் மேலே போகக் கூடாது, மூட்டை முடிச்சுகூட எடுக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். கட்டை ஏற்ற இரண்டு பேரும் டாடா ஏஸ் பிடித்துக் கிளம்பினார்கள். நான் என் வாத்தியங்களை வெளியே கடத்தினேன். கீழ் அறைக்குள் போனது தப்புதான். ஆனால் பம்பையை விட்டுவிட்டு ஓடுகிற அளவுக்கு நான் இன்னும் முன்னேறவில்லை. கடைசியாகப் போனபோது மைக்கைச் சுவரில் ஒட்டினேன். விரிசலில் சொருகியிருந்த அஞ்சு பிக்கும் தரையில் கிடந்தன.

டொக். டொக்.

இரண்டு ஒன்றாக வருவது இதுதான் முதல் தடவை.

அக்கா இங்கேதான் என் பக்கத்தில், பெண்ணோடு, ஆர்மோனியப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் முன்னால் எழுந்தாள். பெண்ணின் ஹால் டிக்கெட் மேலே இருக்கிறதாம். நாளைக்கு ஏதோ ஸ்காலர்ஷிப் பரீட்சையாம்.

"மேஸ்திரி இன்னா சொன்னாரு?" என்றேன்.

"ரெண்டு நிமிசம்டா. எடுத்துகினு வந்துடுவோம். தண்ணிய தான் எறக்கியாச்சே."

"அக்கா, வேணாம். நான் போறேன்."

"நீ எங்க வெச்சிருக்குதுன்னு தேடிக்கினு நிப்ப. அவளுக்குதான் தெரியும். நீ ஒக்காந்து டொக்க எண்ணு." கன்னத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு படி ஏறினாள். கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நான் சிரித்தேன். பழக்கதோஷம். அவள் ஒன்று சொன்னால் நான் சிரிப்பேன், நான் ஒன்று சொன்னால் அவள் சிரிப்பாள், அப்படியே நாற்பது வருஷம் ஓட்டியாகிவிட்டது.

மாடிக் கதவு சாத்திய சத்தம் கேட்டது. பெண்ணுக்கு எதையும் அடித்துச் சாத்துகிற பழக்கம்.

ரெண்டு நிமிஷம் ஆகிவிட்டது. மூன்று பாட்டு முடிகிற நேரம் ஆனது போல் இருக்கிறது. டாடா ஏஸ் இன்னும் வரவில்லை. ஹெட்போனை இரண்டு காதிலும் போட்டுக்கொண்டேன். 'திண்டிவனம் மயிலம்' என்று எண்ணுகிறேன். ஒரு சுற்று. இரண்டு சுற்று. பத்து சுற்று. டொக் வரவில்லை. ஆவணியில் இருந்து இவ்வளவு நேரம் அது வராமல் இருந்ததில்லை. வராதது நல்லதா கெட்டதா என்று மேஸ்திரியிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும். மைக் வழியாக மணல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும், சன்னமாக, நிற்காமல்

அக்கா மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறாள்.

"டேய், கதவு தொறக்க வரலடா. ரெண்டு பேரும் இழுத்துப் பாத்துட்டோம். நீ வந்து வெளிய இருந்து தள்ளு. டேய், போன வெச்சிட்டு வாடா"